பதினோராம் பக்கத்தின் கடைசி வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்த என் பழைய கதைகளை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி நிரோஜினியின் தட்டச்சுக் கடைக்குப் போனேன். அவள் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்து வாங்கியது இது. மனதில் கிடந்த பாரத்தை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதிரையில் சும்மா இருந்தவன் நான்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ சேர். ஆனா அந்த அன்ரியின்ரை பேரை மாத்திப்போடுங்கோ" என்றாள். மாற்றியிருக்கிறேன். நிரோஜினியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். (உட்துறைமுக வீதியில் அவள் கடை வாசலில் வந்து நின்று, கிழித்துப் போட்ட அச்சுத் தாள்களைத் தின்னுகிற மான்கள் மட்டும் உண்மையான மான்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது.)

2

தொடக்கம் ஒன்று: கடற்காற்று நிரோஜினியின் கூந்தலைக் கலைத்தபோது அவள் விரல்கள்—

வேண்டாம். அந்தக் கடைக்குள் காற்றே வராது. முன்பக்கத்தைச் செருப்புக் கடை மறைத்துக்கொண்டிருக்கிறது.

தொடக்கம் இரண்டு: கணினித் தமிழ் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கும்போது, பாமினி எழுத்துரு நம் நாட்டில்—

இதுவும் வேண்டாம். நீங்கள் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவீர்கள்.

தொடக்கம் மூன்று: வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நிரோஜினி முதல் நாள் தட்டிய கோப்பைத் திறந்தாள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள்.

இது இருக்கட்டும்.

3

யாருடைய கோப்பு அது என்று சொல்ல வேண்டும்.

ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டாக வரும். எந்த மனைவியும் அதைத் தானே எழுதுவதில்லை. நிரோஜினியின் கணினியில் மனைவி புலம்பல் நான்கு இருக்கின்றன. வருகிறவர்களிடம் அவள் "மூண்டாவதைப் போடட்டே?" என்று கேட்பாள். பெயரை மட்டும் தேடி மாற்றிவிட்டால் அலுவல் முடிந்தது.*

* ஒருமுறை ஓர் இடத்தில் பெயர் மாறாமல் விடுபட்டு, ஒரு மனைவி இன்னொருத்தியின் கணவனை நினைத்துப் பத்து வரி அழுதுவிட்டாள். வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. நிரோஜினிக்கு மட்டும் இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் வந்தவர் மட்டிக்களி இராசமலர். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சின்னராசாவின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. வெள்ளி மத்தியானத்துக்குள் எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது புலம்பலை நிரோஜினி வாசித்துக் காட்டினாள். "ஆலமரமாய் நிழல் தந்தீர்" என்று தொடங்கும்.

"ஆலமரம் எண்டு போட வேண்டாம் பிள்ளை" என்றார் இராசமலர். "அவர் பன்னிரண்டு வருஷம் என்னோடை கதைக்கேல்லை. என்ரை பக்கத்துக்கு நான் சொல்லுறதை எழுதும். ஒருக்காத்தான் சொல்லுவன். பிறகு ஏலாது. எழுதி முடிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டவும் வேண்டாம்."

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுக்குள் பன்னிரண்டு வருடம் பொத்தி வைத்திருந்ததை ஒரு பெண் தட்டச்சுக் கடையில் வந்து கொட்டுவாளா? நீங்களும் யோசிக்கிறீர்கள். நிரோஜினியிடம் கேட்டேன்.

"நாங்கள் சனத்தின்ரை முகத்தைப் பாக்கிறேல்லை சேர். திரையைத்தான் பாத்துக்கொண்டிருப்பம். அதாலை கதைக்குங்கள்" என்றாள்.

நம்பிவிட்டேன்.

சொன்னவற்றை வரிக்கு வரி எனக்குத் தர அவள் மறுத்துவிட்டாள். சாரத்தை மட்டும் சொன்னாள். மூத்த மகன் திலக்சன் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போக வெளிக்கிட்டபோது, தாய்க்குத் தெரியும். தகப்பனுக்குத் தெரியாது. சொன்னால் விடமாட்டார் என்று இராசமலர் மறைத்துவிட்டார். கடலில் முப்பது வருடம் நின்ற மனுஷன். அந்தப் படகுகள் எப்படிப்பட்டவை என்று அவருக்குத் தெரியும். மகன் போன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. இருபத்து மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்த இருபத்து மூன்று நாளும் சின்னராசா கரையில் போய் இருந்தார். இருபத்து நாலாம் நாள் மகன் தொலைபேசி எடுத்தான். தகப்பன் அழுதார், கோயிலில் தேங்காய் உடைத்தார், வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பிறகு மனைவியோடு ஒரு சொல் பேசவில்லை.

கெட்ட மனுஷன் என்று எழுதத் தொடங்கினேன். அழித்துவிட்டேன். மீன் வாங்கி வந்து குசினிக் கதவில் கொளுவிவிடுவார். கிளினிக் நாள் என்றால் மோட்டார் சைக்கிளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, இராசமலர் ஏறும்வரைக்கும் பேசாமல் காத்திருப்பார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகள் லோஜினியிடம் சொல்வார். லோஜினி கலியாணம் கட்டிப் போன பிறகு பூனையிடம் சொல்லத் தொடங்கினார். "பூனை, மழை வருது, கொடியிலை உடுப்புக் கிடக்கு" என்று.

அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. இராசமலர் மன்னிக்க வேண்டும்.

5

கடைசியில் ஆஸ்பத்திரி. இறப்பதற்கு முதல் நாள் சின்னராசா "தண்ணி" என்று கேட்டிருக்கிறார். கட்டிலுக்கு ஒரு பக்கம் இராசமலர், மற்றப் பக்கம் ஒரு நேர்ஸ். கல்வெட்டில் இராசமலருக்கு ஒதுக்கிய பதினோராம் பக்கத்தின் கடைசி வரி அதைப் பற்றியது.

இனித்தான் அந்தத் தவறு.

நிரோஜினி எப்போதும் பாமினியில்தான் தட்டுகிறவள். ஆனால் மெல்பேர்ணில் இருக்கிற திலக்சன், அம்மாவின் பக்கத்தைத் தன் தொலைபேசியில் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். அவனுக்கு இன்னும் ஒழுங்கான விசா இல்லை. செத்தவீட்டுக்கு வர முடியாமல், தகப்பனின் முகத்தை வீடியோவில் பார்த்தவன். பாமினியில் அனுப்பினால் அவன் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே அந்த ஒரு பக்கத்தை மட்டும் நோட்பேடில் யூனிகோடில் தட்டினாள். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. இந்த முறையில் சேமித்தால் எழுத்துகள் அழிந்துபோகும், முறையை மாற்று என்று அது சொன்னது. நிரோஜினிக்கு ஆங்கிலம் தெரியும். ஊரிலுள்ள பாதிப் பேருக்கு ஆங்கிலப் படிவம் நிரப்பிக் கொடுப்பவளே அவள்தான். அன்றைக்கு வாசிக்கவில்லை. அந்த மனுஷி கண் முன்னால் அழுதுகொண்டிருந்தார். சரி என்று அழுத்திவிட்டு, மூடிவிட்டு, அவருக்குச் சோடா வாங்கப் போனாள்.

(நானும் இந்தக் கதையை நோட்பேடில்தான் தட்டுகிறேன். ஒரு வரிக்கு ஒருதரம் சேமிக்கிறேன். இதைத் தவிர அவளிடமிருந்து நான் வேறெதுவும் கற்றுக்கொள்ளவில்லை.)

6

வியாழன் காலை நிரோஜினி முதலில் அழுதாள். பிறகு கூர்ந்து பார்த்தாள். எழுத்துகள்தான் போயிருந்தன. இடைவெளிகளும் முற்றுப்புள்ளிகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி. யூனிகோடில் மெய்யெழுத்தின் மேலே போடுகிற குற்றும் ஒரு குறி, கொம்பும் ஒரு குறி. "அவர்" என்றால் அ, வ, ர, குற்று என்று நான்கு. கேட்டது கொஞ்சம் ஞாபகத்தில் இருந்தது. எண்ணிக்கை கண் முன்னால் இருந்தது. கொப்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு சொல்லாக எண்ணி, பொருத்தி, மத்தியானம் இரண்டு மணிக்குள் பக்கம் முழுவதையும் மீட்டுவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதைப் பார்த்தேன். நியாயமான பெருமைதான்.

ஒரேயொரு சொல் மிஞ்சியது. கடைசி வரி, எனக்கு அவள் காட்டிய ஒரே வரி, இப்படிக் கிடந்தது:

?????? ??????? ???? ?????????? ????????.

அந்தத் தண்ணியை அவர் — கேட்டவர். நடுவில் பத்துக் குறியில் ஒரு சொல். இராசமலர் தன்னைச் சொல்லி "என்னட்டைக்" என்றால் பத்து. நேர்ஸைச் சொல்லி "அவவிட்டைக்" என்றாலும் பத்து.

மூன்று தரம் எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவள் காட்டிய பிறகு நானும் எண்ணினேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

"அந்த வரிக்கு வரேக்கை எனக்கும் கண் கலங்கிப்போச்சு சேர்" என்றாள். "காது கேட்டது, விரல் தட்டினது. நடுவிலை நான் இல்லை."

7

அவள் தானே ஒரு சொல்லைப் போட்டிருக்கலாம். வாசித்துக் காட்ட வேண்டாம் என்று அந்த மனுஷியே சொல்லியிருந்தார். ஒருவருக்கும் தெரிய வந்திராது. அப்படி ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அதில் வந்தவள் நிரோஜினி மாதிரி இல்லை. பெயர் மாறாமல் விட்டதற்காக இரண்டு கிழமை சாப்பிடாதவள் இவள்.

இரண்டு தாள் அச்செடுத்தாள். ஒன்றில் "என்னட்டைக்", மற்றதில் "அவவிட்டைக்". மிச்சமெல்லாம் ஒன்று. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னேரம் மட்டிக்களிக்குப் போனாள்.

வீடு நிறையச் சனம். லோஜினி வாசலில் நின்று வாழையிலை கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தாள். இராசமலர் இவளைக் கண்டதும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிரோஜினி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தன் பிழை என்று சொன்னாள். தாள்களை நீட்டினாள்.

இராசமலர் கண்ணாடியைப் போட்டு இரண்டையும் வாசித்தார். இரண்டாவதை வாசித்துவிட்டுத் திரும்ப முதலாவதை வாசித்தார்.

"கோபிக்காதேங்கோ அன்ரி" என்றாள் நிரோஜினி.

"உம்மிலை என்ன கோபம்." தாள்களை மடியில் வைத்தார். "கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டவர் பிள்ளை. ஆரையும் பாக்கேல்லை. தண்ணி பருக்கினது நான். ஆரிட்டைக் கேட்டவர் எண்டு எனக்குத் தெரியாது. நாலு கிழமையா யோசிக்கிறன். நேற்று உம்மட்டைச் சொல்லேக்கை மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தது. வாயாலை வந்தது. கதிரையாலை எழும்பினவுடனை போயிட்டுது."

குசினிப் பக்கமிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"நான் எதைச் சொன்னனான் பிள்ளை? நீர்தானே கேட்டனீர்."

8

முடிவுகள் என் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

அ) "என்னட்டை எண்டுதான் சொன்னனீங்கள் அன்ரி." அப்படியென்றால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முடிவு கிடைக்கும். மெல்பேர்ணில் ஒருவன் வேலைக்குப் போகிற ரயிலில் நின்று அதை வாசிப்பான். தன்னால் வந்த பேச்சின்மை தன் தகப்பன் சாக முதல் நாள் தீர்ந்ததென்று அறிவான். எனக்கு இந்த முடிவில் ஆசை. ஆனால் அது பொய்யாக இருந்தால், ஆலமரத்தை வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு நிரோஜினி ஓர் ஆலமரத்தைக் கட்டி அனுப்பியவளாவாள்.

ஆ) "அவவிட்டை எண்டு சொன்னனீங்கள்." இதுவும் உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருந்தால் அதைச் சொல்லுகிற தைரியம் அன்றைக்கு அந்தக் கதிரையில் ஒருதரம் இராசமலருக்கு வந்திருக்கிறது. அதை அவரிடமிருந்து பறிக்க நாம் யார்?

இ) சின்னராசா பூனையிடம் சொன்னதெல்லாம் மனைவிக்குத்தான், ஆகவே நேர்ஸிடம் கேட்டதும் மனைவியிடம் கேட்டதுதான் என்று—

இதை எழுதியபோது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. இது கெட்டிக்காரத்தனம். பூனையோடு பேசிய வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்தவர் இராசமலர். இந்தச் சமாதானம் போதுமென்றால் அவரே எப்போதோ சொல்லியிருப்பார்.

ஈ) "எனக்குத் தெரியாது அன்ரி." நேர்மையான பதில். ஆனால் கேட்ட ஒரே ஆளும் கைவிட்டால், கிணற்றடியில் அந்த மனுஷி இரண்டு தாளோடு தனித்துப் போவார்.

கல்வெட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். எந்தச் சொல் அச்சானது என்று தெரியும். அது எப்படி அங்கே வந்தது என்று அச்சில் இருக்காது. நிரோஜினியிடமே கேட்டேன். அவள் என் கதைகளைப் பென்டிரைவில் ஏற்றி, கழற்றி, என் கையில் தந்தாள்.

"நீங்களெண்டால் என்ன சொல்லுவியள் சேர்?"

நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். எத்தனையோ பேரை ஒரு வரியில் சேர்த்துவைத்திருக்கிறேன், ஒரு வரியில் பிரித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு, யோசித்துச் சொல்லுகிறேன் என்று வெளியே வந்தேன். யோசித்ததுதான் இவ்வளவும்.

9

ஆகவே நான் இடத்தைக் காலி செய்கிறேன். நிரோஜினி நின்ற இடத்தில் இனி நீங்கள் நில்லுங்கள். அந்த வரியை உங்களைத் தவிர வேறு ஒருவரும் கேட்கவில்லை. நாளை மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டும். இராசமலர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார். இந்த முறை பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்குத் திரை இல்லை.

"சொல்லும் பிள்ளை" என்கிறார். "நான் எதைச் சொன்னனான்?"