மூன்றாவது குப்பி

லோர்னாவின் கையிலிருந்து இரண்டாவது குப்பியும் நழுவி, சர்க்கரை உருண்டைகள் கடைத் தரையெங்கும் ஓடின.

ஒற்றைத் தலைவலிக்குப் பதினைந்து வருடமாக அவள் இந்த ஹோமியோபதி உருண்டைகளைத்தான் வாங்குகிறாள். டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம். எங்கள் கடையில் மேப்பிள் பாகுக்குப் பக்கத்து அலமாரியிலேயே கிடக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. இந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள், நானும்தான். கைபடாமல் மூடியில் ஐந்து உருண்டை தட்டி நாக்கடியில் போட வேண்டும்; தரையில் விழுந்ததைத் தொடவே கூடாது என்பது ஹோமியோபதிக்காரர்கள் சட்டம். ஐந்து தட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒன்று கூடியோ குறைந்தோ நான் பார்த்ததில்லை.

அது கேட்கிறதா இல்லையா என்று நான் வாதாடியதும் இல்லை. வழக்கமான வலிக்கு அவள் பாடு, உருண்டை பாடு. ஆனால் இன்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளுடைய இடது கை மூடியைப் பிடிக்கவே இல்லை.

"கீழ விழுந்தது ஆகாது. இன்னொண்ணு எடுடி."

"வலி எப்ப வந்துச்சு?"

"காலைல, சட்டியத் தூக்குறப்ப. கோடாலியால போட்ட மாதிரி."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"டாக்டரம்மா மாதிரி கேக்காத. குடு."

"குடுக்க மாட்டேன்," என்று போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

முதலாளி க்ளென் பின்னறையிலிருந்து வந்தான். என்னோடு படித்தவன்தான், அப்பா விட்டுப்போன கடை. "கேட்டா குடுக்கறதுதான் உன் வேலை. வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா நம்ம மருந்த எவன் வாங்குவான்? வேண்டாம்னு சொல்லிடு. இல்லன்னா நாளைக்கு வராத."

வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"வரல. இவங்க போட்டத நீயும்தான தின்ன?"

"பதினஞ்சு வருஷமா என் தலைய எனக்குத் தெரியாதா?" என்றாள் லோர்னா. சொற்கள் குழறின.

"தலை தெரியும். ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்."

வலது கை எழுந்தது. இடது கை மடியிலேயே கிடந்தது. அது யாருடையதோ என்பதுபோல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பயமா இருக்குடி," என்றாள். பள்ளிக்கூடத்தையே அதட்டி உட்கார வைத்த குரல் அது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் உருண்டைகளை நொறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போயின. கூடவே நானும்.

"ஏப்ரனக் கழட்டி வச்சிட்டுப் போ," என்றான் க்ளென்.

"இவங்க விட்டா கழட்டுறேன்."

ஏப்ரன் நுனியை லோர்னா வலது கையால் இறுகப் பிடித்திருந்தாள். கதவு மூடி வண்டி கிளம்பிய பிறகும் அவள் விடவில்லை.