பணிக்களத்துக்கு நன்றி கிடையாது

தங்கச்சுரங்க ஊரான கோரமண்டலில் பழைய வெள்ளைக்காரன் பங்களாவில் நடந்த மிஷனரி பயிற்சி மையத்தில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. ஜெபக்கூடம், புரொஜெக்டர், இயக்குநர் கொர்னேலியஸ் ஐயா கைகூப்பிச் சிரிக்கும் ஆளுயர பேனர். குழாயைத் திறந்தால் காற்று வரும்.

ஆகவே காலை ஐந்தரைக்கு, வேதபாடத்துக்கு முன்னால், பயிற்சிக்கு வந்த ஐடா குடங்களோடு பின்புறத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போவாள். மாரிகுப்பத்துப் பெண். ஒடிசாவின் மலை கிராமங்களுக்கு ஊழியம் செய்யப் போகவேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. அதற்காகவே இந்த ஒன்பது மாதப் பயிற்சி. லைனில் வாரத்துக்கு இரண்டு தடவை வரும் தண்ணீரை நான்கு டிரம்மில் பிடித்து வைத்திருந்த புஷ்பவல்லி, வேலைக்குப் போகப் பெங்களூர் ரயிலுக்கு ஓடுவதற்கு முன் எட்டுக் குடம் ஊற்றிக் கொடுப்பாள். கதவுக்கு மேல் மாரியம்மன், நெற்றியில் திருநீறு.

"இன்னா ஐடா, உங்க சாமி இன்னும் மோட்டரு போடலியா?"

"ஐயா ஜெபிக்கச் சொல்லியிருக்காரு."

"பண்ணுங்க, பண்ணுங்க. அதுவரைக்கும் கொடத்த நகத்து, எனக்கு ரயிலு கீது."

மாலை ஆறு மணிக்கு நன்றி வேளை. ஒவ்வொருவரும் நோட்டில் அன்றைய பத்து நன்றிகளை எழுதவேண்டும். முதல் நன்றி கர்த்தருக்கு, இரண்டாவது நன்கொடையாளருக்கு, மூன்றாவது இயக்குநருக்கு. மிச்சம் ஏழும் அவரவர் இஷ்டம் என்றுதான் பேச்சு. சாம்பாருக்கு நன்றி எழுதிய, கூடப் படிக்கும் டென்னிஸுக்கு 'நன்று' கிடைத்தது. ஐடா தினமும் நான்காவதாக 'புஷ்பவல்லி அக்கா, எட்டுக் குடம்' என்று எழுதினாள். கொர்னேலியஸ் ஐயா தினமும் அதை அடித்தார். ஒருநாள் காரணம் கேட்டாள்.

"அந்த வீடு நாம் ஊழியம் செய்யவேண்டிய பணிக்களம், சகோதரி. களத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை."

"பொங்கலுக்கு மாட்டுக்கே சொல்றாங்களே ஐயா."

மற்றவர்கள் வேதாகமத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். ஐடா சிரிக்கவில்லை. குடித்த தண்ணீருக்கு ஒரு வரி எழுதவிடாதவர்கள் அன்பைப் பற்றி எந்த வாயால் வகுப்பெடுக்கிறார்கள் என்று கோபம் வந்தது. நோட்டில் 'தாழ்மை தேவை' என்று விழுந்தது.

பயிற்சி முடித்தவர்களை ஊழியத்துக்கு வழியனுப்பும் அனுப்புதல் ஆராதனை அன்று பெங்களூரிலிருந்து இரண்டு வேனில் நன்கொடையாளர்கள் வந்து இறங்கினார்கள். புஷ்பவல்லிக்கும் அழைப்பு போயிருந்தது. ஐடாவை வழியனுப்பக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அவளுக்கென்று கனகாம்பரம் கட்டிப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஏன் என்பது திரையில் படம் விழுந்ததும் தெரிந்தது.

படத்தில் ஒரே குடத்தை இரண்டு பெண்களும் பிடித்திருந்தார்கள். கீழே எழுத்து: 'இருளில் வாழும் குடும்பத்துக்கு எங்கள் மிஷனரி தினமும் தண்ணீர் சுமக்கிறார்.' வேனில் வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புஷ்பவல்லி எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள். பூப்பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

ஐடாவின் கையில், அவள் வாசிக்கவேண்டிய டைப் செய்த சாட்சியுரையையும் மைக்கையும் கொடுத்தார்கள். காகிதத்தை நான்காக மடித்தாள்.

"படத்துல தண்ணி குடுக்கறது அவுங்க. வாங்கறது நான். ஒன்பது மாசமா நாங்க குளிச்சது, குடிச்சது எல்லாம் அவுங்க தண்ணி. இப்ப நீங்க குடிச்ச டீயும்."

சிலர் கையிலிருந்த கப்பைப் பார்த்தார்கள்.

கொர்னேலியஸ் ஐயா மைக்கைப் பிடுங்கினார். "சகோதரி களைத்திருக்கிறார். அவருக்காகக் கண்களை மூடி ஜெபிப்போம்." ஒருத்தி வாயை அடைக்க இதைவிடக் கௌரவமான வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருபது நிமிடம் ஜெபித்தார்.

பிறகு ஆபீசில் மேஜைமேல் அவளுடைய சான்றிதழை வைத்து, பக்கத்தில் வெள்ளைத்தாளையும் வைத்தார். "மன்னிப்புக் கடிதம். எழுதினால் சாயங்கால ரயில். இல்லையென்றால் ஒடிசா இல்லை." நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னார்.

புஷ்பவல்லி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எழுதிக் குடுத்துட்டு போடி. போவணும் போவணும்னு உசுர வுட்டுக்கினு இருந்தியே."

"உங்களுக்குக் கோவமே வரலியாக்கா?"

"வராம? டிரம்மு என்னுது, தண்ணி என்னுது, நான் இருட்டாம். ஆனா அது என் கோவம். அத்த வெச்சிக்கினு நீ ஏன் ரயில வுடற?"

ஐடா உட்கார்ந்து எழுதினாள். ஐயாவின் முகத்தில் மன்னிக்கும் களை வந்து உட்கார்ந்தது. தாளை வாங்கிப் படித்தார்.

'புஷ்பவல்லி அக்காவுக்கு. ஒன்பது மாதம் உங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு, அதை வாங்குகிறவராக உங்களைக் காட்டிவிட்டோம். மன்னியுங்கள். இப்படிக்கு, இயக்குநர்.'

"இது என்ன?"

"நீங்க கேட்ட மன்னிப்புதான் ஐயா. அவுங்க வாசல்லதான் நிக்கிறாங்க."

சான்றிதழை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். வெளியே டென்னிஸ் பெட்டியோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஐடா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

"சான்றிதழு உள்ளயே இருக்கட்டும் ஐயா. இதுல கையெழுத்து போடுங்க."