பதில் சொல்லாமல் விட்ட வெள்ளிக்கிழமை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பயந்துபோன ஒரு மனிதனின் கதை வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து நாலில், துபாய் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் சந்தியாகு என்றொரு பைப் வெல்டர் இருந்தான். தபாலில் வேதபாடம் படிப்பவன். வெள்ளிக்கிழமை காலையில் கேம்ப்பின் கிறிஸ்தவர்களை மெஸ்ஸில் கூட்டிவைத்துப் படித்ததைச் சொல்லுவான்.

அன்றைக்கு, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற மூவொரு கடவுள் பாடம். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் பிரான்சில் ரொசெலின் என்ற பண்டிதர் கேட்டாராம்: மூவரும் ஒரே பொருள் என்றால், மகன் உடலெடுத்தபோது தந்தையும் ஆவியும் சேர்ந்தல்லவா உடலெடுத்திருக்க வேண்டும்? அப்படியானால் மூன்று வானதூதர்களைப் போல மூவரும் தனித்தனிதானே?

எதிராளியின் வாதத்தை முழுப் பலத்தோடு சொல்லிவிட்டு அப்புறம் பதில் சொல்வது அந்தக் காலத்து முறை. சந்தியாகுவும் அப்படியே சொன்னான். பதிலுக்கு வாயெடுக்கையில் ஓவர்டைம் பஸ் வந்துவிட்டது. "யல்லா, யல்லா!" என்று டிரைவர் அவசரப்படுத்த, கூட்டம் ஓடிப்போயிற்று.

சாயங்காலம் பக்கத்துக் கட்டில் சோலைமுத்து சிரித்தான். "என்னண்ணே, மூணு சாமின்னுட்டியாமே! எங்க ஊருல சொல்லியிருந்தா, மூணுதானான்னு கேட்டிருப்பாங்க."

சந்தியாகுவுக்குப் பாடத்தின் மிச்சம் ஞாபகம் வந்தது. ஜனங்கள் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, ரொசெலின் தன்னை விசாரித்த திருச்சபைக் கூட்டத்தின் முன்னால் தன் வார்த்தையையே மறுத்த கதையும் பாடத்தில் இருந்தது. அதற்குள் ஃபோர்மேன் ஹபீப் முகம்மது ஆளனுப்பினார்.

"உன் பேச்சால உங்க ஆளுக ரெண்டு பேரு சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்க. அடிதடின்னு ஆபீஸுக்குப் போச்சுன்னா உன் விசா கலாஸ், முடிஞ்சுது. மூணு சாமின்னு சொன்னியா, இல்லியா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சொன்னேன் பாய்" என்றான். "ஆனா அது கேள்வி. பதில் சொல்றதுக்குள்ள பஸ் வந்துருச்சு."

"பதில் இருக்கா?"

"இருக்கு பாய். ஆன்செல்முன்னு ஒரு சாமியார் சொன்னது. ஊத்து, ஆறு, ஏரி, மூணும் வேற. ஆனா மூணும் ஒரே நைல் நதித் தண்ணி. ஆத்தை மட்டும் பைப்புக்குள்ள விட்டா, ஊத்தும் ஏரியும் பைப்புக்குள்ள போனதா ஆகுமா? மகன் மட்டும் உடலெடுத்தது அப்படித்தான்."

"எனக்கு அல்லா ஒருத்தன், அதுல பேச்சில்ல. ஆனா இத என்கிட்ட சொல்லி என்ன? போய் அவனுககிட்ட சொல்லு."

மெஸ்ஸில் தட்டோடு அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கோபத்தில் எழுந்தே விட்டான். சந்தியாகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, "பைப்புல தண்ணி போகுதில்ல, அதை நினைச்சுக்குங்க..." என்று ஆரம்பித்தான். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. எழுந்தவன் மெல்ல உட்கார்ந்தான்.

உங்கள் வீட்டில் யார் பயந்து பயந்து பேசினாலும் கடைசிச் சொல் வரை கேட்கக் காது இருக்கட்டும் கண்ணுகளா. அடுப்பு அணையாமல், மனசு கோணாமல் எல்லோரும் நன்றாயிருங்கள்.