மணிப் பொத்தான்

அக்கா போன் செய்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். அத்தானுக்கு நுரையீரல் பழுது. வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறது. அந்த மிஷினின் திரையையும் பொத்தான்களையும் வடிவமைத்தவள் நான். கம்பெனியில் சொல்லி அதை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அப்போது பெருமை பிடிபடவில்லை.

“மிஷின் கத்துதுடி. மணியை அமுக்கிட்டேன், இன்னும் ஆளைக் காணோம்.”

“எந்த ஆளு, அக்கா?”

“உங்க கம்பெனி ஆளுதான். நாலு தடவை அமுக்கிட்டேன். அமுக்கினதும் சத்தம் நின்னு பச்சை லைட் எரியுது. கிளம்பிட்டாங்கன்னுதானே அர்த்தம்?”

அந்தப் பொத்தான் யாரையும் கூப்பிடாது. சத்தத்தை இரண்டு நிமிடம் அடக்கும், அவ்வளவுதான். மணிப் படத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தேன், கண்ணை உறுத்தாமல், மெல்லியதாக. அக்காவோ மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் அத்தான் கட்டிலருகே கிடந்தவள். அங்கே மணிப் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் நர்ஸ் ஓடி வருவாள். அவள் மனதில் மணி என்றால் அதுதான். மிஷினை விற்பனைக்கு விடும்முன் ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்த சோதனையின்போதும் இரண்டு பேர் இதே மாதிரி அமுக்கிவிட்டு வாசலைப் பார்த்தார்கள். ‘கையேட்டைப் படிக்கச் சொல்லவும்’ என்று எழுதிக் கோப்பை மூடினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

“அக்கா, யாரும் வரமாட்டாங்க! குழாயைப் பாரு, எங்கயாவது மடங்கியிருக்கும்.”

“நான் எதையாவது தொட்டுக் கெடுத்துடப் போறேன்டி. தெரிஞ்சவங்க வந்து பாக்கட்டும்.”

“நான்தான் தெரிஞ்சவ! பாருக்கா!”

கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் சனியன்கள்.

கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. “ஐயோ, கட்டில் காலுக்கடியில நசுங்கிக் கிடக்குடி... எடுத்துட்டேன், எடுத்துட்டேன். அவர் உதடு நீலமாயிருக்கு. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாரு.”

பக்கத்தில் இருந்தவரின் போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா அழவில்லை. நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு தடவை கூப்பிட்டேனேடி. அங்க யாரோ ஒருத்தர் இருந்திருக்கணும்ல? யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. ஏன் வரலைன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாவி, அதுகூட வாய்வரை வந்தது.

“அங்க யாருமே இல்லக்கா. அது சத்தத்தை நிறுத்துற பொத்தான். அதுல மணியை வரைஞ்சது நான்தான். என்னைக் கேளு.”

அவள் என் கையை விட்டுவிட்டாள்.