பதினாலாம் நம்பர் டார்ச்

டார்ச் லைட் என்றதும் சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் மனைவி இரண்டு வருஷமாகச் சிரித்தாள். "அதான் போன்லயே லைட் இருக்கே, இதுக்குப் போய் என்ன அலப்பறை?" என்பாள். போனில் இருப்பதெல்லாம் ஒரு லைட்டா? கட்டிலுக்கடியில் செருப்பு தேடத்தான் லாயக்கு.

நானும் என்னைப் போன்ற சிலரும் காத்திருந்தது, லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் செய்கிற டார்ச்சுக்காக. கெட்டிச் செம்பு உருளை ஒன்றைக் கடைந்து, மரையைக் கையால் வெட்டி, லென்ஸையும் தானே தேய்ப்பார். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததைத் தொடுவார். ஒன்றுக்கு ஆறு வாரம், ஏழு வாரம். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தால் அந்த ஒளி வட்டத்தில் ஒரு கறை, ஒரு வளையம் இருக்காது. அதற்காக ஆளுக்கொரு மூலையில் கிடந்த இருபத்திரண்டு பைத்தியங்கள் போனில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தோம். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், மருந்துக் குடோனில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் நான், இப்படி.

லேத்காரர் முன்பணம் வாங்க மாட்டார். பெயரை மட்டும் எழுதிக்கொள்வார். பொருளைச் செய்து முடித்த பிறகு ஆள் மாயமாகிவிடுவது இரண்டு தடவை நடந்ததும், கடுப்பாகி ஒரு விதி போட்டார். மாதம் பிறந்தால் முதல் தேதியன்று ஒவ்வொருவரும் குழுவில் 'இருக்கேன்' என்று எழுத வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மாதம் தவறினால் பெயர் போய்விடும், பின்னால் இருப்பவர் முன்னால் வருவார். பட்டியலை வைத்துக்கொள்ளும் வேலையை நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் கெஞ்சவில்லை.

எனக்கு நேர் முன்னால், பதினாலாம் இடத்தில் லிப்ட் மெக்கானிக் அண்ணன். ஞாயிற்றுக்கிழமையானால் போன் செய்துவிடுவார். அரை மணி நேரம் டார்ச் பேச்சுதான். "இருபத்தெட்டு வருஷமா லைட்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டே வேலை பாத்தவன் தம்பி நானு. லிப்ட் குழிக்குள்ள ரெண்டு கையிலயும் வேலை இருக்குமே! முன்னாடி ரெண்டு பல்லும் அதுலயே போச்சு. ஒரு நல்ல லைட்டைக் கையில பிடிச்சுப் பாத்துடணும். அவ்வளவுதான் ஆசை."

பன்னிரண்டாம் நம்பர் உரியவர் கைக்குப் போய், பதின்மூன்றை லேத்தில் ஏற்றிய மாதம், லிப்ட் அண்ணன் 'இருக்கேன்' எழுதவில்லை. மறதியாக இருக்கும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போன் வரவில்லை. அடுத்த மாதமும் அவர் எழுதவில்லை. ஒரு தடவை கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது. அவர் மனைவியின் நம்பரும் என்னிடம் இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த நம்பர் வரை விரல் போனது, போய் நின்றுவிட்டது. கூப்பிட்டால் அண்ணி எடுத்துவிடுவாரோ என்கிற பயம்தான், வேறென்ன?

குழுவில் பல் டாக்டர் மட்டும் கேட்டார். "எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை விசாரிச்சுடலாமே?"

"ஒருத்தருக்கு வளைஞ்சு கொடுத்தா எல்லாருக்கும் வளையணும் டாக்டர். விதின்னா விதிதான்" என்று எழுதினேன். பஸ் டிரைவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மற்றவர்களும் வரிசையாகக் காட்டினார்கள். அன்று சாயங்காலம் லேத்காரர் போன் செய்து, "அடுத்து யாருங்க? அடியில நம்பர் வெட்டணும்" என்று கேட்டபோது, என் பெயரைச் சொன்னேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

பிறகு வந்த ஏழு வாரம் இருக்கிறதே, என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. லேத்காரர் வாரம் ஒரு படம் போடுவார். முதலில் மொட்டை உருளை. பிறகு உள்ளே குடைந்தது. பிறகு அடிப்பக்கத்தில் வெட்டிய '14'. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். லோடு ஏற்ற வந்தவன் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை. குழுவில் எல்லோரும் வயிற்றெரிச்சலை வாழ்த்தாக எழுதினார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டார்ச் வந்து சேர்ந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜன்னலைத் துண்டால் அடைத்துவிட்டுச் சுவரில் அடித்தேன். அடேயப்பா! வெளியே நின்று மனைவி, "உள்ள என்ன பண்றீங்க? உடம்பு சரியில்லையா?" என்று கதவைத் தட்டினாள்.

திங்கட்கிழமை லிப்ட் அண்ணனின் மனைவி கூப்பிட்டார்.

"தம்பி, அவருக்கு ரொம்ப முடியல. நுரையீரல். மூணு மாசமா ஆஸ்பத்திரியிலதான் கிடக்கோம். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. உங்களைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

மூன்று மாதம் என்றால், நான் பெயரை அடித்தபோது அவர் அங்கேதான் கிடந்திருக்கிறார். மறுநாள் லீவு போட்டேன். கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன், சத்தியமாக. டார்ச்சை மெல்லிய துணியில் சுற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ஆறு கட்டில் போட்ட வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மூக்கில் குழாய், கன்னம் ஒட்டி எலும்பாக இருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார். அண்ணி முதுகைத் தாங்கி உட்காரவைத்துவிட்டு, மருந்து வாங்கக் கீழே போனார்.

"தம்பி, பதினாலு என்ன ஆச்சு?" என்றார். நலம் விசாரிக்கக்கூட இல்லை.

பை என் மடியில் இருந்தது. கையை உள்ளே விட்டேன். துணியோடு சேர்த்து அதைப் பிடித்தேன். கெட்டிச் செம்பின் கனம். பிடிக்கும் இடத்தில் வெட்டிய சொரசொரப்பு விரலில் தட்டியது. அப்போது நான் நினைத்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். இவர் இன்னும் எத்தனை நாள்? நாலு நாள், ஐந்து நாள். அதற்குப் பிறகு இது சமையலறை மேசை டிராயரில் கத்தரிக்கோலோடு கிடக்கும். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடிக்கும். இதன் அருமை தெரியாத கையில் போய்ச் சேரும். அவர் சும்மா கையில் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தரட்டுமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அடியில் '14' இருக்கிறதே! பார்த்தால் தன்னுடையது என்றுதானே நினைப்பார், எப்படித் திருப்பிக் கேட்பது?

"லென்ஸ் வேலை நடக்குதுண்ணே" என்றேன். "அடுத்த வாரம் முடிஞ்சுடும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "அடுத்த வாரமா?" என்றார். விரல்விட்டு நாளை எண்ணினார். "அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சுடுவேன். என்ன சொல்றீங்க?"

"பிடிச்சுடுவீங்கண்ணே."

மருந்தோடு திரும்பி வந்த அண்ணியிடம் பால் கேட்டார். நாலு நாளாக எதுவுமே இறங்கவில்லையாம். அரை டம்ளர் குடித்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வந்த நேரம் தம்பி, நல்லா இருப்பீங்க" என்றார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினேன்.

ஆறாம் நாள் காலை அவர் போய்விட்டார். கடைசி வரை நாள் எண்ணிக்கொண்டே இருந்தாராம்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. ஹாலில் அண்ணியும் நானும் மட்டும். மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது.

"அந்த லைட்டு முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார். "அவரு ஆசைப்பட்டது. வீட்ல இருக்கட்டும்னு பாக்கறேன்."

"இல்லண்ணி. லிஸ்ட்ல அவர் பேரை எடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் பதில் போடல இல்ல? அவர் மனசு நோகக் கூடாதேன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்." எடுத்துவிட்டார்கள் என்றேன், யார் எடுத்தது என்று சொல்லவில்லை.

அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"முத மாசமும் சொன்னாரு, ரெண்டாவது மாசமும் சொன்னாரு. தேதி ஒண்ணாயிடுச்சு, போன்ல 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை போட்டுடுன்னு. உயிர் ஊசலாடுது, உங்களுக்கு லைட்டு கேக்குதான்னு நான்தான் திட்டினேன். போனை அணைச்சு வீட்லயே வெச்சுட்டேன்." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அதனாலதான் போச்சா தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் ஒரு வார்த்தையில் அந்த அம்மாள் தப்பித்திருப்பார். ஆனால், இல்லை என்றால் அடுத்த கேள்வி வருமே, பிறகு எதனால் என்று?

"ஆமாண்ணி" என்றேன்.

அவர் அழவில்லை. "ஒரு நிமிஷ வேலை" என்றார். "அதைக்கூட அந்த மனுஷனுக்கு நான் செய்யல பாருங்க."