நாலாவது கால்

தலைமையாசிரியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதத்தை மடித்து ஸ்டூலின் காலுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். ஸ்டூலின் மேல் அவர் கொண்டுவந்த பாலம் நின்றது. வழவழவென்று வர்ணம் பூசிய மரப்பாலம். அதை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் அம்மா கிடந்தாள். காலையில்தான் மூச்சு நின்றிருந்தது.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா செத்தும் விடமாட்டானா இந்த மனுஷன்?

அம்மா தொடக்கப்பள்ளியில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ எடுத்தாள். பெயர்தான் பெரிய பெயர். அட்டை, குச்சி, பலகைத் துண்டு, பசை, சின்ன ரம்பம், அவ்வளவுதான். பிள்ளைகள் வண்டி செய்யும், பாலம் கட்டும், கட்டின கையோடு அது பல்லிளிக்கும். “டீச்சர், உடைஞ்சுபோச்சு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்கும். அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஏன்?” என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பிள்ளையின் வேலையில் தன் விரல் படக்கூடாது என்பது அவள் பிடிவாதம். ‘ஏன் டீச்சர்’ என்றே பெயராகிவிட்டது.

போன வருஷம் பெற்றோர் கண்காட்சிக்கு, கடையில் சொல்லிச் செய்த மாதிரிகளில் பிள்ளைகள் பெயரை ஒட்டி வைக்கச் சொன்னார் தலைமையாசிரியர். மாட்டேன் என்றாள் அம்மா. அடுத்த வாரமே அவளுடைய பட்டறை அறைக்குப் பூட்டு விழுந்தது. அன்றிலிருந்து கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக மாடி ஏறினாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“ஸ்டூல் ஒரே ஆட்டம்.” தலைமையாசிரியர் எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “இப்ப நிக்கும். பசங்க டீச்சருக்குக் கொடுக்கணும்னு ராப்பகலா உக்காந்து செஞ்சு வெச்சிருந்ததும்மா.”

“எந்தப் பசங்க சார்?”

“அஞ்சாங் கிளாஸ். பேரு ஒட்டியிருக்கு பாரேன்.”

“பேரு ஒட்டியிருக்கு. எங்கயாவது பசை வழிஞ்சிருக்கா? ஒரு குச்சியாவது கோணலா இருக்கா? சின்னப் பிள்ளைங்க கை பட்டா இப்படியா சார் இருக்கும்? யாருக்குக் காது குத்துறீங்க?”

சித்தி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். “வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி. எழவு வீட்டுக்கு வந்தவங்களை இப்படியா பேசறது?”

“வந்தா அழுதுட்டுப் போகட்டும் சித்தி. பொய்யைத் தூக்கிட்டு வந்து எங்கம்மா தலைமாட்டுல வெப்பாரா? அவ உசுரோட இருந்தப்ப முடியாததை இப்ப முடிச்சுக்கறாரு.”

தலைமையாசிரியரின் முகம் சுண்டிப்போனது. “ஏதோ துக்கத்துல பேசறே. நான் தப்பா எடுத்துக்கலை.”

“எடுத்துக்குங்க சார். தப்பாத்தான் எடுத்துக்கணும்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மனுஷர். சுவரோரத்திலிருந்து வந்தார். பாலத்தை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். “கொண்டுபோயிடுங்க சார். அவளுக்குப் பிடிக்காது.”

பாலத்தைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் செருப்பு மாட்டத் திண்டாடினார் தலைமையாசிரியர். ஒருவரும் வாங்கிப் பிடிக்கவில்லை.

அப்போதும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. மடித்த காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அது சின்ன வயதில் இவள் செய்த ஸ்டூல். அம்மாவின் வகுப்பில் எல்லாரும் மூன்று கால் வைத்தபோது, இவள் மட்டும் நாலுதான் வைப்பேன் என்று அடம்பிடித்துச் செய்தது. முதல் நாளே ஆடியது.

“அம்மா, ஆடுது.”

“ஏன்?”

“தெரியலை. நீயே சரி பண்ணிக் கொடு.”

அம்மாவின் கைகள் பின்னால் போய்விட்டன. இவள் அழுது புரண்டாள். கைகள் முன்னால் வரவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்தாள், இனி அதைத் தொடுவதில்லை என்று. தொடவும் இல்லை. படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகிப் போனாள். ஸ்டூல் சமையலறையில் ஆடிக்கொண்டே கிடந்தது. அப்பா அதில்தான் உட்கார்ந்து தேநீர் குடிப்பார், ஆடாமலிருக்க இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டு. “தூக்கிப் போடும்மா அதை” என்று வரும்போதெல்லாம் சொல்வாள். “அது உன் வேலை” என்பாள் அம்மா.

“ஊர்ப் பிள்ளைங்களுக்கு நீ டீச்சர். எனக்கு அம்மாதானே?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். “ஒரு தடவை அந்தக் கையை முன்னால கொண்டுவந்திருந்தா குறைஞ்சா போயிருப்பே?”

உடைத்தே போட்டுவிடுவது என்று ஸ்டூலைக் கவிழ்த்தாள்.

ஒரு காலின் நுனியில், தீக்குச்சி கனத்துக்கு உள்ளே தள்ளி, பென்சில் கோடு ஒன்று இருந்தது. மூலைமட்டம் வைத்து நாலு பக்கமும் சுற்றி இழுத்த கோடு. எந்தப் பிள்ளையும் இத்தனை நேராக இழுக்காது. அடியில் பழைய கோடு மங்கித் தெரிந்தது. அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று, பென்சில் கரி இன்னும் பளபளத்தது. அழிய அழிய அம்மா இழுத்திருக்கிறாள்.

தொட்டிருக்கிறாள்.

“அடிப்பாவி,” என்றாள் மகள். “தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தியா?”

கருவிப் பெட்டி மூலையில்தான் இருந்தது. ரம்பத்தை எடுத்து, ஸ்டூலை முழங்காலால் அழுத்திப் பிடித்தாள். முதல் இழுப்பு வழுக்கியது. அடுத்தது கோட்டில் கடித்தது.

“வண்டி வந்துடுச்சு! எங்கடி போனே?” முன்னறையிலிருந்து சித்தி கூப்பிட்டாள்.

“இரு சித்தி!” என்று எரிந்து விழுந்தாள். கோடு கண்ணுக்குக் கலங்கியது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அறுத்தாள். கால் நுனியிலிருந்து மெல்லிய வில்லை ஒன்று தரையில் விழுந்தது. உப்புத்தாளை எடுத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

ஸ்டூலைத் தூக்கிவந்து கட்டிலின் தலைமாட்டில் நங்கென்று வைத்தாள். “உக்காருப்பா. தூக்கறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் அம்மா பக்கத்துல இரு.”

அப்பா உட்கார்ந்தார். வழக்கம்போல இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டார். மகளின் புடவையில் ஒட்டியிருந்த மரத்தூளைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக வலது பக்கம் சாய்ந்து பார்த்தார்.