அம்மாவுக்கு விட்ட இடம்

டக்சாயினி தாயோடு கதைப்பதை நிறுத்தியது தவக்காலத்தில். மற்றப் பிள்ளைகள் ரொபி, இறைச்சி என்று தின்னாமல் விடுகிற நேரத்தில் இவள் அம்மாவை விட்டிருக்கிறாளாக்கும் என்று தகப்பன் மெல்ரொன் முதலில் நினைத்தான். உயிர்த்த ஞாயிறு போயும் மகள் வாய் திறக்காதபோதுதான் விஷயம் விளங்கியது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக்குத் தாய் ஆன்சலா வரமாட்டாள். வருவேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். பார்த்தால் அதே கிழமையில் படிப்புச் சோதனை விழுந்துவிட்டது.

ஆன்சலா நோர்வேயில் மீனைப் பற்றிப் படிக்கிறாள். நாயாற்றில் பிறந்து, நாயாற்றில் கலியாணம் கட்டி, மீன்பிடி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருத்தி முப்பத்தெட்டு வயதில் அதற்காக விமானம் ஏறியது கரையில் பெரிய கதையாகிவிட்டது. "மீன் இஞ்ச கிடக்கு, படிப்பு மட்டும் அங்க கிடக்கோ?" என்று மெல்ரொனைக் கேட்காத ஆள் இல்லை. அவனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கடலுக்குப் போய்வந்து சமைக்கவேண்டும், மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னவேண்டும். வலை முடிகிற கை பின்னியது. பள்ளிக்கூடம் விட்டும் ஒரு மயிர் அவிழாது.

பின்னேரங்களில் வீடியோ கோல் வரும். டக்சாயினி எழும்பிக் குசினிக்குள் போவாள்.

"பிள்ளை எங்க?"

"குசினிக்க."

"என்ன செய்யிறா?"

"உம்மோட கதைக்காம நிக்கிறா."

கடைசியில், முதல்நன்மைப் படத்திலாவது தாயை நிற்பாட்ட மெல்ரொன் ஒரு வழி கண்டுபிடித்தான். வழி ஒன்றும் புதிசல்ல. கனடாவை விட்டு அசையாத பெரியப்பாமார் எத்தனை பேர் இந்தப் பக்கத்துக் கலியாண அல்பங்களில் சிரித்துக்கொண்டு ஆசீர்வதிக்கிறார்கள்! எல்லாரையும் வெட்டி ஒட்டிப் படத்தில் ஏற்றிவிட்டது புதுக்குடியிருப்பில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற சுதாகரன்.

"அக்காவின்ர முகத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கோ அண்ணை. உடம்பு என்னட்ட இருக்கு."

சுதாகரன் கொம்பியூற்றரைத் திருப்பிக் காட்டினான். தலையில்லாத பெண்கள் வரிசையாகச் சேலை கட்டி நின்றார்கள்.

"இந்தப் பச்சை நல்லா ஓடுது. சிவப்புக் கனக்க வீட்டுக்குப் போயிட்டுது, ஆக்கள் கண்டுபிடிச்சிடுவினம்."

பன்னிரண்டு வருசம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தியவனுக்கு, அவளுக்கென்று ஓர் உடம்பு தெரிவுசெய்யக் கூச்சமாக இருந்தது. கோலில் அவளிடமே கேட்டான்.

"ஆற்ற உடம்பு அது?"

"ஆருக்குத் தெரியும். மானிப்பாய்ப் பக்கமாம்."

"என்ர பிள்ளைக்குப் பக்கத்தில மானிப்பாய்க்காரியோ நிக்கப்போறா? நான் இஞ்ச சேலை கட்டி நிண்டு படம் எடுத்து அனுப்புறன். எனக்கு இடத்தை மட்டும் விட்டு வையுங்கோ."

முதல்நன்மை அன்று பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரையும் சுதாகரன் நிற்பாட்டினான். வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக நடுவில் டக்சாயினி. ஒரு பக்கம் மெல்ரொன். மற்றப் பக்கம் ஆன்சலாவின் அகலத்துக்கு வெறும் நிலம். அதற்கு அங்கால் மெல்ரொனின் அக்கா புனிதம். வெறும் இடத்தைக் கண்டால் போய் நிற்காமல் இருக்க அவவால் முடியாது. பஸ்ஸிலும் அப்படித்தான். சுதாகரன் கமராவைத் தூக்குவதும் புனிதம் அரக்கி அரக்கி உள்ளே வருவதுமாக இருந்தது.

"மாமி, தள்ளி நில்லுங்கோ! அது அம்மான்ர இடம்."

"இல்லாத ஆளுக்கு இவ்வளவு இடம் எதுக்கடி? அங்க சாப்பாடில்லாம மெலிஞ்சிருப்பாள்."

அம்மா என்ற சொல் மகளின் வாயில் வந்து எவ்வளவு காலம்! மெல்ரொன் கேட்டும் கேளாதவன்போல் கொலரைச் சரிசெய்தான். ஆனால் அன்று பின்னேரம் கோல் வந்தபோது அவள் முக்காட்டோடேயே குசினிக்குள் போனாள்.

சோதனை முடிந்த கையோடு ஆன்சலாவின் படம் வந்தது. தகப்பனும் மகளும் ஸ்ரூடியோவுக்குப் போனார்கள். நீலச் சேலை, பின்னால் வெள்ளைச் சுவர், அந்தரத்தில் ஒரு கை. மகளின் தோளில் வைக்கிற கை. சுதாகரன் அவளை வெட்டியெடுத்து, விட்ட இடத்தில் இறக்கினான். கை தோளில் விழவில்லை. அதற்குக் கீழே, ஊசி போடுகிற இடத்தில் விழுந்தது.

"அக்கா கையைப் பதிச்சுக் கீழ வைச்சிட்டா," என்றான் சுதாகரன். "பறவாயில்லை. தங்கச்சியை ஒரு சொட்டுக் கட்டையாக்கிவிடுறன்."

திரையில் டக்சாயினி சுருங்கினாள். கை சரியாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தாயை அனுப்பிவிட்டு அழுத பிள்ளை, அதே உயரத்தில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

"அது நானில்லை," என்றாள் டக்சாயினி.

தகப்பனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். தாய்க்குத் தானே கோல் அடித்தாள். எங்கோ ஒரு கட்டடத்து வாசலில் ஆன்சலாவின் முகம் தெரிந்தது. மகளைக் கண்டு அது என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"பிள்ளை?"

"அம்மா, கை பிழை."

"என்ன பிழை?"

"பதிவு. மேல தூக்குங்கோ."

ஆன்சலா தோளில் கிடந்த பையைக் கீழே வைத்துவிட்டு, போகிற வருகிற நோர்வேக்காரர் பார்க்கக் கையைத் தூக்கினாள். "இவ்வளவோ?"

"இன்னும்."

"இவ்வளவோ?"

"இன்னும் அம்மா. நான் வளந்திட்டன்."

கை அப்படியே நின்றது.

"எங்க, எழும்பி நில்லுங்கோ பாப்பம்," என்றாள் ஆன்சலா. "முழுசாப் பாக்கோணும்."

டக்சாயினி போனைத் தகப்பனிடம் நீட்டினாள். "தள்ளிப் பிடியுங்கோ அப்பா. கால் தெரியோணும்."

மெல்ரொன் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க் கடை வாசலுக்கே வந்துவிட்டான். "அண்ணை, அப்ப கட்டையாக்கிறதோ, விடுறதோ?" என்று சுதாகரன் கேட்டான்.

"பல்லும் முளைச்சிட்டுது," என்று டக்சாயினி வாயைத் திறந்து காட்டினாள். "பிறகு அந்த நீலச் சேலை வேண்டாம் அம்மா, வடிவில்லை. பிறகு... மாமி உங்கட இடத்தில வந்து வந்து நிண்டவ. நான்தான் விடேல்லை."

மெல்ரொனுக்குக் கை உளைந்தது. ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.